உடைப்பு விழுந்த ஆட்டம்

இன்று காலை காலுறையை உதறினேன். கடுகு சிதறியதுபோல் கறுப்பு ரப்பர்த் துகள், வீடெங்கும். தேனியில் புதிதாகப் போட்டிருக்கும் செயற்கைப் புல் மைதானத்தின் பிரசாதம். வெயில் ஏற ஏற அந்த மைதானம் டயர்க் கடை வாசம் அடிக்கும். எனக்கு அது பிடிக்கும் என்று சொன்னால் நம்புவீர்களா? மண்ணோ ரப்பரோ, பந்து உருளும் இடத்தின் நாற்றம் எல்லாமே எனக்குச் சந்தனம்தான்.

நான் படித்த மைதானம் வேறு வாசம். குச்சனூர் போகிற வழியில், வாய்க்காலை ஒட்டி ஒன்றரை ஏக்கர் வயல். இரண்டாம் போகம் அறுத்ததும் நிலம் பிளந்து கிடக்கும். தாள்கட்டை குத்தும், உள்ளங்கால் பழகிக்கொள்ளும். வெற்றிலைக் கொடிக்காலில் கேட்டு வாங்கிய அகத்திக் கம்பு இரண்டு, அதுதான் கோல். அணையில் தண்ணீர் திறந்தால் எங்கள் பருவம் முடிந்தது. உலகத்தில் வேறெங்கும் கால்பந்துக்குப் பொதுப்பணித்துறை விசில் ஊதியதில்லை.

அந்த வயலிலிருந்து மதுரையில் ஒரு மில் அணிக்குப் போனேன். இடது ஓரம் என்னுடையது. மூன்று வருஷம் காற்றாகத் திரிந்தேன். பிறகு முழங்காலில் ஜவ்வு கிழிந்து, நொண்டியபடி பஸ் ஏறி ஊர் வந்தேன். இருபத்து நாலு வயசு. சாயங்காலங்களில் அந்த வயலிலேயே ஊர்ப் பையன்களுக்குப் பந்து சொல்லிக்கொடுத்தேன். திருப்பூரில் மாமா கடை எனக்காகக் காத்திருந்தது. பனியன் மடிக்க வேண்டும்.

அப்போதுதான் உத்தமபாளையம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத் தாளாளர் சொல்லியனுப்பினார்: விளையாட்டுப் பயிற்சிக்கு ஆள் வேண்டும், சனிக்கிழமை உங்கள் பையன்களை ஆடவிடுங்கள், நான் வந்து பார்க்கிறேன். அம்மா தலையில் கைவைத்தாள். “சனிக்கெழம, அதுவும் குச்சனூர்ல! வேற நாளே கெடைக்கலையாடா?” கிடைக்கவில்லை. தண்ணீர் திறந்து இரண்டு நாளாகிவிட்டது. திங்கட்கிழமை அங்கே உழவு. அந்த ஆட்டம் போனால் நான் பனியன்தான்.

எதிரணி உத்தமபாளையம். அந்த அணிக்குத் தலைவன் அன்வர். என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன், வாய் மட்டும் இரண்டு பெஞ்சு நீளம். குச்சனூர்க் கோயிலில் சனீஸ்வரனைக் கும்பிட்டுவிட்டு ஈர வேட்டியோடு வந்தவர்கள் வரப்பில் உட்கார்ந்தார்கள். தாளாளர் குடையோடு நின்றார். எங்கள் கீப்பர் முத்தையா, நாலு தலைமுறை நெல் விவசாயி வீட்டுப் பிள்ளை.

இருபதாவது நிமிஷம். முத்தையாவின் முதுகுக்குப் பின்னால் வாய்க்கால் கரையில் ஒரு எலிவளை வாய் திறந்து, தண்ணீர் சலசலவென்று வயலுக்குள் இறங்கியது. திரும்பிப் பார்த்தான். கோலை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். இரண்டு கையாலும் மண்ணை அள்ளி உடைப்பில் அப்பினான். அன்வர் காலி கோலுக்குள் பந்தோடு நடந்தே போனான்.

“மாப்ள, ஒங்க கீப்பருக்கு ஒரு மம்பட்டி வாங்கிக் குடுங்கடா!”

வரப்பே சிரித்தது. நான் நொண்டியபடி ஓடினேன். “ஏலே, அது ஒன் வயலாலே?”

“இல்லண்ணே.”

“பெறகு?”

“யாரு வயலா இருந்தா என்னண்ணே, ஒடைப்பப் பாத்துட்டு எப்பிடிண்ணே சும்மா நிக்கிறது?”

திட்ட வாயெடுத்தேன். பார்த்தால் என் கையிலும் ஒரு கட்டி மண் இருந்தது. இருவரும் சேர்ந்து அடைத்தோம்.

இடைவேளை முடிந்து பக்கம் மாறியது. நனைந்த கோல் இப்போது அவர்களுடையது. வரப்பில் நின்ற எனக்கு, ஆடிய காலத்தில் ஒருநாளும் கண்ணில் படாத ஒன்று பட்டது: கோலுக்கு முன்னால் பாய் அகலத்துக்கு ஒரு குட்டை, அதைச் சுற்றிலும் ஆளே இல்லை.

“உருட்டாதலே! தூக்கி அந்தத் தண்ணிக்குள்ள போடு, அங்கன நின்னு போகும்!”

போட்டார்கள். பந்து பொத்தென்று விழுந்து அப்படியே நின்றது. அது உருண்டு வரும் என்று குனிந்து காத்திருந்தான் அவர்கள் கீப்பர். எங்கள் பையன் சேற்றோடு சேர்த்து உள்ளே உதைத்தான். ஒன்றுக்கு ஒன்று. அதோடு ஆட்டம் முடிந்தது.

தாளாளர் குடையை மடக்கினார். “சேத்துல பந்து நிக்கும்னு எங்க படிச்சீக?”

“நாத்து நடயில பாத்ததுதான்யா. நாத்துக்கட்ட வீசுனா விழுந்த எடத்துலயே நிக்கும்.”

“திங்கக்கெழம வந்து சேந்துக்கங்க.” நாலடி போய்த் திரும்பினார். “அந்தக் கீப்பர மட்டும் கூட்டிட்டு வந்துராதீக.”

இருபது வருஷத்துக்கு மேலாகிறது. மாமா கடை இன்னும் இருக்கிறது, நான் போகவில்லை. அந்த வயலில் இப்போது தென்னை. மற்ற வயல்களில் அறுப்புக்கு இயந்திரம் வருகிறது. அறுத்த வயலில் டயர்ப் பள்ளம் முழங்கால் ஆழம், பந்தை யாரும் கொண்டுபோவதில்லை. என் பள்ளிப் பிள்ளைகள் அருமையாக ஆடுகிறார்கள். கோல் கோட்டை விட்டு நகராதே என்று கீப்பர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன்.

போன மழைக்குப் பள்ளி மைதானத்துக்குப் பின்னால் வாய்க்கால் உடைத்துக்கொண்டது. ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. என் கீப்பர் பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு பந்தைப் பாய்ந்து பிடித்தாள், ஜெயித்தோம். கை வலிக்கத் தட்டினேன். பிறகு செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கரையில் இறங்கி மண் அள்ளினேன்.

கோப்பையோடு படம் எடுக்க என்னைத் தேடிக்கொண்டு வந்தவள், மேலேயே நின்று குனிந்து பார்த்தாள்.

“சார், அங்கன என்ன சார் தொலைச்சீங்க?”