அடையாறிலிருந்து கயிறு கட்டி இழுத்து வந்த ராலி கார்

பழைய கார் தேடி ஊர் ஊராகப் போகிறவர்கள் என்னிடம் தவறாமல் கேட்பது ஒன்றுதான்: அந்த ராலி கார் உங்களுக்கு எப்படி சார் கிடைத்தது? இத்தனை வருஷம் மழுப்பிவிட்டேன். இனி மழுப்பி என்ன ஆகப் போகிறது? 1973, ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. தி. நகரிலிருந்து அடையாறு. போக எட்டு கிலோமீட்டர், வர எட்டு.

முதலில் கார். ராலி பந்தயத்தில் ஓட வேண்டுமென்றால் அதே வண்டியைச் சாலையில் ஓட்டுவதற்கும் கொஞ்சம் செய்து விற்றாக வேண்டும் என்று விதி. அப்படிப் பேருக்குச் செய்து விற்ற சில நூறில் ஒன்று, ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து காந்தி நகர் இன்ஜினியர் ஒருவர் கைக்கு வந்திருந்தது. அலுமினியக் கதவு, கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் ஜன்னல். (எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன், பின்னூட்டத்தில் சண்டைக்கு வராதீர்கள்.) இன்ஜினியர் இறந்து நாலு மாதம், மனைவி காரை விற்கிறார் என்று கேள்விப்பட்டதும் என் மனசு முதலில் போனது காரிடம்தான். வெட்கக்கேடு.

காலை 7.10க்குப் பாண்டி பஜாரில் பஸ். மந்தைவெளிக்கு இருபது பைசா. அங்கே மெக்கானிக் துலுக்காணம் ஜீப்போடு நின்றிருந்தார். அடையாறு பாலம் தாண்டி, 8.15க்கு அந்த வீட்டு வாசலில் இருந்தோம்.

மாமிக்கு ஐம்பது வயதிருக்கும். நடந்ததை அவரே சொன்னார். விடிகாலையில் கணவருக்கு நெஞ்சுவலி. மாமிக்கு ஓட்டத் தெரியும், ஆனால் இந்தக் காரை மட்டும் கணவர் தொட விட்டதில்லை. அன்று சாவியைத் திருப்பினால், காரில் உயிரே இல்லை. பத்து தடவை திருப்பிப் பார்த்துவிட்டுத் தெருவில் ஓடி டாக்சி பிடிக்க முக்கால் மணி நேரம். டாக்சி பாலத்தின் மேல் போகும்போதே எல்லாம் முடிந்துவிட்டது.

"மத்த நாளெல்லாம் ஓடித்து. அன்னிக்குப் பாத்து கழுத்தறுத்துடுத்து. இரும்பு விலைக்கு எடுத்துண்டு போங்கோ, கண்ணுல படாம இருந்தா போதும்," என்றவர் காபி போட உள்ளே போனார்.

துலுக்காணம் ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டின் அடியில் கையை விட்டுத் துழாவினார். ராலி வண்டிகளில் மொத்த மின்சாரத்தையும் துண்டிக்க ஒரு ஸ்விட்ச் இருக்கும். நிறுத்தியதும் அதை அணைத்துவிட்டால் பேட்டரி இறங்காது. அவர் சாவியைத் திருப்பிவிட்டு அதைத் தட்டினார். டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஓட்ற வண்டி நைனா இது. சுச்சு ஆஃப்ல கீது, அவ்ளோதான்," என்றார் மெல்ல. திரும்ப அணைத்தார். "அந்தம்மாகிட்ட இன்னான்னு சொல்லுவே?"

காபியைக் குடித்தேன், இரண்டாயிரத்து ஐந்நூறு கொடுத்தேன். ஓடுகிற காரைக் கயிறு கட்டி, ஒரு மணி பத்து நிமிஷம், தி. நகர் வரை இழுத்து வந்தோம். ஜீப்புக்கு நாற்பது ரூபாய். மாமி காதில் இன்ஜின் சத்தம் விழக்கூடாது என்பதுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம். ஓடும் என்று தெரிந்தால் விலை நாலு மடங்கு என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை.

இரண்டு மாதம் கழித்து, பீரோவில் அகப்பட்ட ஆர்.சி. புத்தகத்தைக் கொடுக்க மாமி பஸ் பிடித்து வந்தார். வாசலில் கார் உறுமிக்கொண்டிருந்தது. ஏதோ பாகம் தேய்ந்திருந்தது, பம்பாயிலிருந்து வரவழைத்துப் போட்டேன் என்று புளுகினேன்.

"அப்போ அன்னிக்கு யார் திருப்பியிருந்தாலும் கிளம்பியிருக்காதா?"

"கிளம்பியிருக்காது மாமி."

அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். அந்தத் தெம்பில்தான் வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்று கூப்பிட்டேன். முட்டாள். பக்கத்து சீட்டில் உட்கார வைத்தேன்.

அடையாறு பாலத்தின் நடுவில் அவர் காலை மடக்கி உட்கார்ந்தபோது குதிகால் எதிலோ இடித்தது. இன்ஜின் நின்றது. நான் வாயைத் திறப்பதற்குள் மாமி குனிந்து, கையால் தடவி, இடித்ததைத் திரும்பத் தள்ளினார். சிவப்பு விளக்கு எரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

"தினம் கார்லேர்ந்து இறங்கறச்சே குனிஞ்சு என்னமோ பண்ணுவார். செருப்பைத் தேடறார்னு நெனச்சிண்டிருந்தேன்," என்றார். பிறகு, "உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

கதவைத் திறந்து இறங்கினார். பாலத்தின் மீதி தூரத்தை நடந்தே போனார். விலையில் குறைத்ததற்காக மறுவாரம் நான் அனுப்பிய மணியார்டர் திரும்பி வந்தது.

கார் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நீங்களும் இப்படி ஒன்றைத் தேடிப் போகிறீர்களென்றால் நான் சொல்வது இவ்வளவுதான். காலை வெளிச்சத்தில் போங்கள், அலுமினியக் கதவில் காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டக்கூடாது. வண்டி வீட்டுக்கு வந்த அன்றே வீட்டிலிருக்கும் எல்லோரையும் கூப்பிட்டு ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். அவரவர் கையாலேயே ஒரு முறை போடச் சொல்லுங்கள்.