அடிச்சட்டத்து ஓட்டைகள்

என் மனைவியின் தம்பியை நான் தெருவில் நிறுத்திவைத்துத் திட்டியது ஒரு ஜன்னலுக்காக. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது.

திருத்தங்கலில் எங்கள் வீடு பழைய காரை வீடு. வாடைப் பக்கச் சுவரில் மூன்று மர ஜன்னல்கள். எங்கள் பகுதியில் வருஷத்தில் பத்து மாதம் வெயில்தான். மரம் காய்ந்து சுருங்கி, சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது. ஐப்பசியில் காற்றோடு மழை வந்தால் அந்த வழியாகத் தண்ணீர் இறங்கிச் சுவரெல்லாம் வழிந்து கட்டில்வரை வரும்.

இதை வெயில் காலத்தில் சரி செய்ய வேண்டும். எங்கள் ஊரில் எவனும் செய்ய மாட்டான். வெயில் காலம் சீசன். பட்டாசு கம்பெனியும் சரி, நான் வேலை பார்த்த அச்சாபீசும் சரி, தீபாவளி வரைக்கும் மூச்சுவிட நேரம் தராது. தீபாவளி முடிந்த பிறகுதான் எல்லோருக்கும் லீவு. அப்போது மழை பெய்துகொண்டிருக்கும். அந்த ஈரத்தில் ஊரே பெயிண்ட் அடிக்கும். அடுத்த சித்திரையில் அது அப்பளம் மாதிரி உரிந்து விழும். மறுபடி தீபாவளி முடிந்து அடிப்பார்கள். நானும் அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்து ஐந்து என்று நினைவு. என் மைத்துனன் ஆடி மாதத்தில், சீசன் உச்சத்தில், பட்டாசு வேலையை விட்டுவிட்டு வந்தான். அவன் வெடிமருந்து அடைக்கிற அறையில் இருந்தவன். தண்ணீர் குடிக்க வெளியே போன நேரத்தில் பக்கத்து அறை வெடித்தது. இரண்டு பேர் போய்விட்டார்கள். அவனுக்கு ஒரு கீறல் கிடையாது. மறுநாள் வேலைக்குக் கிளம்பிச் சட்டை போட்டவன், பொத்தான் மாட்டாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டானாம். "அக்கா, நான் இனிமே போகல" என்று என் மனைவியிடம் வந்து சொன்னான்.

பட்டாசுக்குப் போகும் முன்னால் இரண்டு வருஷம் விருதுநகரில் ஒரு பெயிண்டரிடம் கையாளாக இருந்திருக்கிறான். அந்த வேலையையே பார்க்கிறேன் என்றான். யார் கொடுப்பார்கள்? என் மனைவி என்னைப் பார்த்தாள். சரி, நம் ஜன்னலில் ஆரம்பிக்கட்டும் என்றேன். பெரிய மனசெல்லாம் இல்லை. சொந்தக்காரன், சொன்ன நேரத்துக்கு வருவான் என்ற கணக்குதான்.

எதிர்வீட்டுக்காரர் தாள் கடை வைத்திருந்தார். அவர் வீட்டில் ஏழு ஜன்னல். எல்லாம் எங்கள் வீட்டு ஜன்னல் போலத்தான் ஒழுகும். அவன் வேலை செய்வதை இரண்டு நாள் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மழை பெய்யட்டும்ப்பா. உங்க அத்தான் வீட்டுல ஒழுகலைன்னா என் வீட்டு ஏழு ஜன்னலும் உனக்குத்தான். எங்க அண்ணாச்சி வீடும் கிடக்கு."

"ஒழுகாது அண்ணாச்சி" என்றான் அவன். அவன் அவ்வளவு உறுதியாக எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

வேலை நிஜமாகவே சுத்தம். பழைய பெயிண்டை மரம் தெரிகிறவரை சுரண்டினான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். சணலை எண்ணெயில் நனைத்து இடைவெளியில் திணித்து, மேலே மக்கு வைத்தான். மக்கு என்றால் சாக் பவுடரை ஆளிவிதை எண்ணெயில் சப்பாத்தி மாவு மாதிரிப் பிசைந்தது. அதைக் காயவிட்டுத்தான் பிரைமர். பிரைமர் காய்ந்துதான் பெயிண்ட். எனக்குப் பொறுமை இல்லை.

"மூணு ஜன்னலுக்கு எம்புட்டு நாளு மாப்ள? ரயில் பெட்டிக்கா பெயிண்ட் அடிக்கே?"

"மரம் காயணும் அத்தான். நீங்க வருசா வருசம் மழைத் தண்ணிக்கு மேல அடிச்சிருக்கீக. இந்தா பாருங்க, உள்ள அம்புட்டும் ஊறிக் கிடக்கு."

சட்டத்தின் அடிக்கட்டையில் ஒரு பள்ளம் உண்டு. ஜன்னல் கதவு அதில்தான் வந்து உட்காரும். அந்தப் பள்ளத்தில், பென்சில் நுழைகிற அளவில், வெளிப்பக்கம் சரிந்தாற்போல் இரண்டு ஓட்டைகள். பழைய பெயிண்டில் அடைபட்டுக் கிடந்தவற்றைக் கம்பிவிட்டுக் குத்தி எடுத்தான்.

"அத்தான், இதை மட்டும் அடைச்சுறாதீக. கதவுல அடிக்கிற தண்ணி இங்கனதான் இறங்கும். வெளிய போக வழி வேணும்ல."

சரி என்றேன். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

ஒரு மாதம் கழித்து நடு ஜன்னலின் அந்த ஓட்டைகள் வழியாகக் கட்டெறும்பு வர ஆரம்பித்தது. சீனி டப்பாவுக்குள் எறும்பு என்று என் மனைவி தினமும் பாட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். நான் அச்சாபீசில் பைண்டிங் பிரிவு. மைதாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு கிண்ணம் இருக்கும். எங்கள் ஊரில் எல்லாக் கோளாறுக்கும் காகிதமும் பசையும்தான் வைத்தியம். வெடிக்குக் குழாய் காகிதம், பெட்டி காகிதம், காலண்டர் காகிதம். ஓட்டை என்று கண்ணில் பட்டால் எங்கள் கை தானாகக் காகிதத்தைக் கசக்கும். கழிவுத் தாளைக் கிழித்துப் பசையில் ஊறவைத்து இரண்டு ஓட்டைகளிலும் குச்சியால் இடித்து அடைத்தேன். வெடிக்கு மண் அடைப்பதுபோல அழுத்தமாக. அவன் டப்பாவில் மிச்சம் வைத்துப் போயிருந்த பச்சைப் பெயிண்டை மேலே தடவினேன். ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை. எறும்பு நின்றது. நானும் அதை மறந்துபோனேன்.

தீபாவளி முடிந்த வாரம் மழை பிடித்தது. விடிய விடிய வாடைக்காற்று. காலையில் எழுந்தால் நடு ஜன்னலிலிருந்து சுவர் முழுக்கத் தண்ணீர், மெத்தை பாதி நனைந்திருக்கிறது. மற்ற இரண்டு ஜன்னலிலும் ஒரு சொட்டு இல்லை. இதை நான் பார்த்தேனா என்றால் பார்த்தேன். அதைப் பற்றி யோசித்தேனா என்றால் இல்லை. எனக்குத் திட்ட ஆள் வேண்டியிருந்தது.

ஆள் தானாகவே வந்தான். மழை தூறிக்கொண்டிருக்கும்போதே வண்டியை மிதித்துக்கொண்டு வந்தான், தன் வேலை எப்படி நிற்கிறது என்று பார்க்க. முகத்தில் சிரிப்பு. எதிர்வீட்டுக்காரரும் வாசலில்தான் நின்றார். அவரும் இந்த மழைக்குத்தான் காத்திருந்தார்.

"என்ன மாப்ள, பெயிண்ட் அடிச்சியா, சுண்ணாம்பு கரைச்சு ஊத்துனியா?" என்றேன், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி.

"ஒழுகுதா? எங்கன அத்தான்? தள்ளுங்க, பாக்கேன்."

"பாத்து என்னலே கிழிக்கப் போறே? மெத்தையைப் பிழிஞ்சு குடி. மூணு ஜன்னலுக்குப் பத்து நாளு சீராட்டுனியே!"

"அத்தான், ஒரு நிமிசம் உள்ள விடுங்க..."

"வெடிச் சத்தத்துக்குப் பயந்து ஓடியாந்த பயலுக்கு மரத்தைப் பத்தி என்னலே தெரியும்? போ, போயி அக்கா முந்தானையில ஒளிஞ்சுக்கோ."

எதிர்வீட்டுக்காரர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கதவு சாத்துவதை அவன் திரும்பிப் பார்த்தான். என்னை அதற்கப்புறம் பார்க்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

"தெருவுல வச்சா பேசுவீக?" என்றாள் என் மனைவி. அவளையும் ஒரு சத்தம் போட்டு அடக்கினேன்.

இரண்டு நாள் கழித்து வெயில் வந்தது. மெத்தையைக் காயப்போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்தேன். அடிக்கட்டைப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. நான் பூசிய பெயிண்ட் இரண்டு இடத்தில் கொப்புளமாக உப்பியிருந்தது. ஆணியால் குத்தினேன். கூழ் மாதிரிக் காகிதம் வந்தது, பசை நாற்றத்தோடு. அதில் காலண்டர் தேதியின் சிவப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு ஓட்டைகளையும் சுத்தமாக எடுத்துவிட்டு ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினேன். மொத்தமும் வெளியே ஓடியது.

அந்த நிமிஷமே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. சைக்கிளில் போனால் அவன் வீடு அரை மணி நேரம். எதிர்வீட்டுக் கதவு பத்தடி.

"என்ன செய்றீக அங்கன?" என்று அடுப்படியிலிருந்து என் மனைவி கேட்டாள்.

"ஜன்னலைச் சரி பண்றேன்."

பொய் இல்லை பாருங்கள். அதனால்தான் வாயில் அவ்வளவு சுலபமாக வந்தது.

அடுத்த மழைக்கு ஒழுகவில்லை. எதிர்வீட்டுக்காரர் கேட்டார்: "என்ன, நீங்களே சரி பண்ணிட்டீக போல. நம்ம கையால செஞ்சாத்தான் சரி வருது, இல்லையா?" நான் சிரித்தேன். ஆமாம் என்றுகூடச் சொல்லவில்லை, சிரித்தேன். அவருடைய ஏழு ஜன்னலையும் சாத்தூரிலிருந்து வந்த வேறொரு ஆள் அடித்தான்.

தீபாவளி லீவு முடிந்து, பூசை போட்டுப் பட்டாசு கம்பெனி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது மைத்துனன் அக்காவைப் பார்க்க வந்தான். நான் உள்ளறையில் பேப்பரை விரித்து வைத்திருந்தேன். அவர்கள் பேசியது முழுவதும் கேட்டது.

"உனக்கு அது ஒத்துவரல தம்பி. சொந்த வீட்டையே ஒழுங்காச் செய்ய முடியல, ஊரான் எப்படிக் கொடுப்பான்? பேசாம பழைய வேலைக்கே போ. சூதானமா இருந்துக்கோ."

"சரிக்கா" என்றான்.

நான் எழுந்து நாலு எட்டு வைத்திருந்தால் போதும். பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அவன் மறுபடி பட்டாசு வேலைக்குப் போன முதல் நாள் என் மனைவிதான் தூக்குச்சட்டியில் சோறு கட்டிக் கொடுத்தனுப்பினாள்.

மூன்று வருஷம் ஓடியது. பொங்கலுக்கு வருவான், தீபாவளிக்கு வருவான், "அத்தான்" என்று மரியாதையாகத்தான் பேசுவான். நடு ஜன்னல் இருக்கிற அறைக்குள் மட்டும் வரமாட்டான். அந்தச் சித்திரையில் தெருவில் எல்லார் வீட்டு ஜன்னலும் வழக்கம்போல உரிந்தது. எதிர்வீட்டு ஏழும் உரிந்தது. எங்கள் மூன்றில் ஒரு செதில் விழவில்லை. நடு ஜன்னலில் நான் குத்திய இடத்தைத் தவிர, அவன் அடித்தது அப்படியே நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் வந்தது. முதல் தடவையாகச் சரியான ஆள் மேல் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அவன் வீட்டுக்குப் போனேன். அவன் போர்மேன் ஆகியிருந்தான். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். எறும்பு, காகிதம், பசை, பிறகு நான் கண்டுபிடித்தது, கண்டுபிடித்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தது. முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டான்.

"எதிர்வீட்டு அண்ணாச்சிகிட்ட சொன்னீகளா?"

"இல்ல."

"ம்."

"வேலையை விட்டுரு மாப்ள. நானே நாலு வீடு பேசித் தாரேன். உன் வேலை இன்னும் நிக்குது, காட்டுனா எவனும் கொடுப்பான்."

சிரித்தான். "இப்ப எதுக்கு அத்தான்? அப்ப பயமா இருந்துச்சு, விட்டேன். இப்ப பயமெல்லாம் போயிருச்சு."

மருந்தைக் கையால் அள்ளுகிற ஒருவன் இப்படிச் சொன்னால், எங்கள் பக்கத்தில் யாரும் அதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். காப்பி கொடுத்தான், குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை எதிர்வீட்டுக்காரர் கடைக்குப் போனேன். நாலு பேர் நின்றார்கள். அவர்கள் போகும்வரை காத்திருக்கலாமா என்று தோன்றியது. திட்டும்போது ஆள் போகக் காத்திருக்கவில்லையே என்று அவர்கள் முன்னாலேயே சொன்னேன். அவர் தாளை எண்ணிக்கொண்டே கேட்டார். "அதுக்கென்ன, அது நடந்தே மூணு வருசமாச்சு" என்றார். பிறகு எண்ணிக்கை விட்டுப்போனதென்று முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

சாயங்காலம் அச்சாபீசிலிருந்து வந்தால், என் மனைவி விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். கடையில் நின்ற நாலு பேரில் ஒருவனுடைய சம்சாரம் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். மைத்துனனிடம் சொன்னேன், கடைக்காரரிடம் சொன்னேன். இவளிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதை எழுதும்போதுகூட அதுதான் அதிகமாக அசிங்கமாக இருக்கிறது.

கத்துவாள் என்று நின்றேன். அவள் கத்தவில்லை.

"அவன் போக மாட்டேன்னுதான் வந்தான்" என்றாள். "நீங்க திட்டுனதுக்கு அவன் போகல. நான் சொன்னேன்னு போனான். உங்க பேச்சை நம்பி நான்தான் போகச் சொன்னேன்."

இப்போதும் அவன் அங்கேதான் வேலை பார்க்கிறான். தினமும் சாயங்காலம் அவன் வீடு திரும்பியதும் அவளுக்குப் போன் செய்ய வேண்டும். அது அவள் போட்ட கட்டளை. அந்த போன் வரும்வரை அவள் என்னோடு பேசுவதில்லை.