பைலைக் காட்டாமல்

டாக்டர்களைச் சோதித்துப் பார்ப்பதில் எங்கள் ஆட்களுக்கு ஒரு தனி ருசி. என்ன செய்கிறது என்று அவர் கேட்டால், கையை நீட்டிவிட்டு "நீங்களே பாருங்க" என்று உட்கார்ந்திருப்போம். நாமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் அப்புறம் டாக்டர் எதற்கு என்பது எங்கள் கட்சி. இதை நானும் டீக்கடையில் பெருமையாகப் பேசியிருக்கிறேன். இப்போது யாராவது இப்படிப் பேச ஆரம்பித்தால் டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறேன்.

என் மனைவிக்கு நெஞ்சை அடைக்கிறது என்று ஒரு இதய டாக்டரிடம் போனோம். அவர் வலது மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு ஆஞ்சியோ எடுத்தார். மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ் செய்ய வேண்டும், நாளைக் கடத்தாதீர்கள், அதுவரை மாடிப்படிகூட ஏறக்கூடாது என்றார். அவர் சொன்னதில் ஒரு குழப்பமும் இல்லை. எனக்குத்தான் அது காதில் ஏறவில்லை.

தல்லாகுளத்தில் நான் வேலை பார்க்கும் ஆபீஸில், பக்கத்து மேஜைக்காரரிடம் சொன்னேன்.

"நெஞ்சைப் பொளக்குற சோலிண்ணே அது. இன்னொரு டாக்டரைப் பாத்துருங்க. ஆனா பைலக் கொண்டுபோயிராதீக. அதைப் பாத்தா அதையேதேன் சொல்லுவாய்ங்க" என்றார்.

இன்னொரு டாக்டரைக் கேட்பது தப்பில்லை. முதல் டாக்டரே, வேண்டுமானால் கேட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் பைலைக் கையில் கொடுத்தனுப்பினார். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது இன்னொரு கருத்து இல்லை, ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லும் ஒரு டாக்டர். அவளை அறுப்பதை நினைத்துப் பயமாக இருக்கிறது என்று எல்லோரிடமும் சொன்னேன். பயம் நிஜம்தான். கூடவே, இவள் மூன்று மாதம் படுத்துவிட்டால் எனக்குக் காலையில் சோறு கட்டித் தருவது யார் என்ற நினைப்பும் ஓடிக்கொண்டிருந்தது. எழுதவே கூசுகிறது. அவள் இன்று நன்றாக நடமாடுவதால்தான் இதை எழுதவாவது முடிகிறது.

திருப்பரங்குன்றத்தில் வீட்டைப் பூட்டும்போது, "பைல எடுத்துக்கிருவமா?" என்று கேட்டாள்.

"வேணாம். அவரு என்ன சொல்றாருன்னு பாப்போம். நீ ஒண்ணும் பேசாத, நான் சொல்லிக்கிறேன்."

நாங்கள் போன இரண்டாவது டாக்டரின் கிளினிக் வண்டியூர் தெப்பக்குளம் பக்கம். ஆஞ்சியோ எடுத்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. ஆட்டோவில் வழி நெடுக அவள் வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

"இதுக்கு முன்னாடி யாருகிட்டயாவது காட்டுனீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல சார்" என்றேன்.

"படி ஏறுனா மூச்சு வாங்குதாம்மா?" இது அவளிடம்.

"லேசா வாங்கும் சார். அவளுக்கு வாயுத் தொல்லை உண்டு." இதுவும் நான்.

ஈசிஜியில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. "சரி, ட்ரெட்மில்ல நடக்க வச்சுப் பாத்துருவோம்" என்றார் டாக்டர். ஓடும் பட்டையில் வேகமாக நடக்க வைத்து, இதயம் தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனை அது.

மாடிப்படியே ஏறக்கூடாதவள் அதில் ஏறலாமா என்று யோசிக்க எனக்கு டாக்டர் படிப்பு தேவையில்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். இப்போது வாயைத் திறந்தால் இவ்வளவு நேரம் பொய் சொன்னது தெரிந்துவிடும். அந்த நேரத்தில் எனக்கு அதுதான் பெரிதாக இருந்தது. அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு நர்சின் பின்னால் போனாள்.

பிரஷர் பார்க்க டாக்டரே வந்து அவள் கையைப் பிடித்து வளையல்களை மேலே தள்ளினார். மணிக்கட்டில் நீலம் பாரித்துக் கிடந்தது.

"இது என்னம்மா?"

"வளையல் போடயில அழுத்திருச்சு சார்."

பொய் சொல்லத் தெரியாதவள் அவள். என் மானத்தைக் காப்பாற்ற, அந்தப் பட்டையில் ஏறவும் துணிந்து அதைச் சொன்னாள்.

டாக்டர் குனிந்து பார்த்தார். "வளையல் அழுத்துனா நடுவுல ஊசித் தடம் இருக்காதும்மா." பிறகு என்னிடம், "ஆஞ்சியோ எங்க எடுத்தீங்க?" என்றார்.

"பைலு வீட்டுல இருக்கு சார்" என்று இழுத்தேன்.

"இல்ல சார், பையில இருக்கு" என்றாள் அவள். தண்ணீர் பாட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

அவர் எல்லாப் பக்கத்தையும் படித்தார். "அதுல ஏறியிருந்தா இங்கனயே விழுந்திருப்பாங்க" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூட நிமிர்ந்து நின்றிருப்பேன். முதல் டாக்டர் சொன்னதுதான் சரி, அங்கேயே செய்துகொள்ளலாம் என்றார். அப்புறம் நாற்காலியை அவள் பக்கம் திருப்பி, "உங்களுக்கு எப்படி இருக்கு? நீங்க சொல்லுங்கம்மா" என்றார்.

"குளிச்சிட்டுச் சேலை கட்டி முடிக்கிறதுக்குள்ள ரெண்டு தடவ உக்கார வேண்டியிருக்கு சார். மல்லாக்கப் படுத்தா அடைக்குது. ரெண்டு மாசமா செவுத்துல சாஞ்சுக்கிட்டுத்தேன் தூங்குறேன். ஆபரேஷன் பண்ணிக்கிறேன் சார்."

அதே அறையில்தான் நானும் தூங்குகிறேன். இருபத்தாறு வருடமாக.

ஆபரேஷன் செய்துகொள்ள அவளுக்குச் சம்மதமா என்று நாங்கள் யாரும் அதுவரை கேட்டிருக்கவில்லை. டாக்டர் சீட்டில் ஏதோ எழுதிக்கொண்டே, "ஆஸ்பத்திரியில கூட யாரு இருப்பாங்க?" என்றார். நான் ஒரு அடி முன்னால் வந்தேன்.

"என் தங்கச்சி சார்" என்றாள். "நேத்தே போன் போட்டுட்டேன். வாரேன்னு சொல்லிருக்கா."

குரலில் கோபம் எதுவும் இல்லை. டாக்டர் தங்கச்சியின் போன் நம்பரைக் கேட்டார். அவள் பார்க்காமலே சொன்னாள், அவர் எழுதிக்கொண்டார். என் நம்பரை அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.