தம்பியையே கேளுங்கள்

தம்பி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதாகியும் வீட்டுக்கும் தெருவுக்கும் அவர் தம்பிதான். முதலில் டம்ளர், பிறகு தட்டு, கடைசியில் எண்ணெய்ச் சட்டி. கள அலுவலர் சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். அறிவுசார் மாற்றுத்திறனாளிகள் நாற்பத்தொரு பேர் அவள் பொறுப்பில். இருபத்தைந்துக்கு மேல் ஒரு ஆளால் ஆகாது என்று அலுவலகத்துக்கே தெரியும். ஆனாலும் யார் வீட்டுக்குப் போனாலும் அவர்கள் வீட்டுவேலை செய்கிற நேரம் பார்த்துத்தான் போவாள்.

சேர்ந்த புதிதில் ஒரு பெண் வீட்டில் இருப்பதா, விடுதிக்குப் போவதா என்கிற படிவத்தை அவளுடைய அம்மாவை மட்டும் கேட்டு நிரப்பிவிட்டாள். ஆறு பேருக்குச் சமைக்கிற பெண் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தாள். பதினெட்டு வருஷமாக அது தொண்டையில் முள்.

இன்று தம்பியின் முறை. அவருடைய அக்கா வீட்டுக்காரருக்கு வேறு ஊருக்கு மாற்றல். தம்பி இங்கேயே தனியாக இருப்பதா, திங்கட்கிழமை விடுதிக்குப் போவதா? கையெழுத்துப் போடவேண்டிய மேலதிகாரி கூடத்தில் உட்கார்ந்து அக்காவை விசாரித்துக்கொண்டிருந்தார். கேஸ் அணைப்பாரா? கதவு பூட்டுவாரா? மாத்திரை? எல்லாவற்றுக்கும் அக்கா, "எங்க சார்..." என்று இழுத்தாள். ஒன்பது கேள்வியில் ஒன்றுகூடத் தம்பி பக்கம் திரும்பவில்லை.

"அவரையே கேளுங்க சார். நாங்க ரெண்டு பேரும் வாயைத் திறக்க மாட்டோம்," என்ற அலுவலர், உரிக்கச் சொல்லி அக்காவின் மடியில் பூண்டுத் தட்டை வைத்தாள்.

மேலதிகாரி குரலை உயர்த்தினார். "தம்பி! தனியா இருந்தா என்னப்பா பண்ணுவ?"

"மெதுவா கேளுங்க சார். காது நல்லா கேக்குது," என்றார் தம்பி.

பூண்டு உரித்த அக்கா களுக்கென்று சிரித்துவிட்டாள்.

தம்பி அடுப்பைப் பற்றவைத்து நாலு டீ போட்டார். அணைத்து, சிலிண்டரையும் மூடினார். மாத்திரைப் பெட்டியில் இன்றைய கட்டம் காலி என்று காட்டினார். வாசலைப் பூட்டி இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். செல்போனில் முதல் எண்ணை அழுத்தியதும் பக்கத்து வீட்டம்மா பதறிக்கொண்டு எடுத்தாள்.

"ஒண்ணுமில்லைக்கா. சார் பாக்கணுமாம்," என்று வைத்துவிட்டார்.

அக்காவின் கை நின்றது. "நான் ஒருநாளும் விட்டுப் பாக்கலையே சார்," என்றாள்.

மேலதிகாரி டீயைச் சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். 'சொந்த வீடு' என்ற கட்டத்தில் கையெழுத்திட்டார். படிவத்தைப் பையில் வைக்கும்போது அலுவலருக்குச் சத்தம்போட்டுச் சிரிக்கவேண்டும்போல இருந்தது.

"விடுதியில ஒரு இடம் காலியா கெடக்கே," என்றார் மேலதிகாரி. "உங்க மத்த நாப்பது பேர்ல யாரையாவது அனுப்பிட்டா உங்களுக்கும் சுமை குறையுமே மேடம்?"

"அதையும் அவங்களையே கேக்கணும் சார்," என்றவள், வியாழக்கிழமை வருவதாகத் தம்பியிடம் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினாள்.