பாத்திரம் கழுவும் நேரம்

மனைவி போன பிறகு நான் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை என்று கோபர்கைரனேயில் இருக்கும் மகனுக்குத் தோன்றியது. மனநல ஆலோசகர் ஒருவரிடம் வீடியோவில் பேச ஏற்பாடு செய்தான். சென்னைப் பெண், என் மகனைவிட இளையவர். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் முதலில் இதைத்தான் கேட்பார்:

"ரூம்ல வேற யாராவது இருக்காங்களா சார்? கதவைச் சாத்திட்டீங்களா?"

அது அவர்கள் தொழிலின் விதி. செம்பூர் ஃப்ளாட்டில் நான் ஒருவன்தான். இருந்தும் எழுந்து போய், ஆளில்லாத ஹாலைப் பார்த்துக் கதவைச் சாத்திவிட்டு வருவேன். பிறகு மழையைப் பற்றியும் ரத்த அழுத்தத்தைப் பற்றியும் பேசுவேன். மனைவி இறந்த நாளைச் சொல்லவேண்டும் என்பதற்குத்தான் இந்த ஏற்பாடே. பத்திரிகையில் எத்தனையோ பேருடைய மரணத்தை ஒரு பத்தியில் எழுதியவன் நான். இதற்கு முதல் வாக்கியமே வரவில்லை.

ஒருமுறை ஆலோசகரின் நேரம் மாறியது. நான் உட்கார்ந்த சிறிது நேரத்தில், கோவண்டியிலிருந்து வேலைக்கு வரும் திருநெல்வேலி அம்மாள் தன் சாவியால் திறந்து உள்ளே வந்தார். சமையலறையில் குழாய் ஓடத் தொடங்கியது.

"யாரோ இருக்காங்க போல. நாளைக்கு வச்சுக்கலாமா சார்?"

"வேண்டாம்மா. இருக்கட்டும்."

அந்தக் குழாய்ச் சத்தத்தில் எனக்குச் சொல்ல வாய் வந்தது. டாக்ஸியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அணுசக்தி நகர் பஸ் ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நின்றது. "கேஸை அணைச்சீங்களா?" என்று கேட்டாள். அணைத்துவிட்டேன் என்றேன்.

"வாரேன் சார்" என்று அந்த அம்மாள் கிளம்பிவிட்டார். வீடு அடங்கியது. என் பேச்சும் அதோடு நின்றது.

ஒற்றை ஆளின் பாத்திரங்கள் சீக்கிரம் முடிந்துவிடுகின்றன. அடுத்த செவ்வாயும் அதே நேரத்தைக் கேட்டு வாங்கினேன். சாம்பாரை வேறு கிண்ணத்துக்கு மாற்றினேன், சோற்றை வேறு தட்டுக்கு. பரணிலிருந்த பெரிய குக்கரையும் எடுத்து நனைத்துக் கழுவப் போட்டேன்.

"என்ன சார், ஒத்த ஆளுக்கு இம்புட்டு ஏனமா? விருந்துக்கு யாரு வந்தாவ?"

"யாரும் வரல. மெதுவாக் கழுவுங்க."

"நல்லாச் சொன்னிய. அடுத்த பில்டிங்ல எனக்காகக் காத்துக் கிடக்காவ. ஜல்தி போகணும்."

கேஸைப் பற்றிக் கேட்டதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை என்பதை அன்று ஆலோசகரிடம் சொன்னேன். தோளில் சாய்ந்தாள், தூங்குகிறாள் என்று நினைத்தேன் என்றேன். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்தது வரை சொல்லியிருந்தபோது, கடைசி டம்ளரைக் கவிழ்த்து வைக்கும் சத்தம் கேட்டது.