முதல் முளையைப் பிடிப்பவர்

"முளைய நேராப் புடிங்க அங்கிள். வானத்தப் பாக்காதீங்க, முளையப் பாருங்க. அடிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பி.இ.இ.ன்னா என்ன?"

கூடாரம் போடும் வெலாபி ஹடெபே இதைக் கேட்கும்போது, ஓங்கிய சம்மட்டி அவருடைய தலைக்கு மேலே நிற்கும். கீழே புல்லில் மண்டியிட்டு, இரும்பு முளையை இரண்டு கைகளாலும் பிடித்திருப்பவர் அந்த வீட்டுக்காரர். எந்த வீட்டில் கூடாரம் போட்டாலும் முதல் முளையை வீட்டுக்காரர்தான் பிடிக்க வேண்டும் என்பது வெலாபி வைத்திருக்கும் விதி. சாவு வீட்டில் முளை மட்டும், கேள்வி கிடையாது. கல்யாணம், பிறந்தநாள், பட்டம் வாங்கிய பிள்ளைக்கு விருந்து என்றால் கேள்வியும் உண்டு. "சம்மட்டிக்குக் கீழ கைய வச்சிருக்கறவன் பொய் சொல்லமாட்டான். கோர்ட்டுலயும் இதையே வைக்கலாம்" என்பார்.

நெடுங்காலம் வெளியே நிறுத்தப்பட்டிருந்த கறுப்பின மக்களுக்குத் தொழிலில் பங்கு கிடைப்பதற்காக வந்த சட்டத்தைத்தான் தென்னாப்பிரிக்காவில் எல்லாரும் பி.இ.இ. என்று மூன்று எழுத்தில் சொல்கிறோம். ஒரு நிறுவனம் யாரை வேலைக்கு வைக்கிறது, யாரிடம் பொருள் வாங்குகிறது என்பதற்கெல்லாம் மதிப்பெண் உண்டு. சட்டத்தின் சுருக்கம் இது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரத்துப் புல்தரைகளில் கிடைக்கும் விளக்கங்கள் வேறு.

பக்கத்து எடண்டேல் பகுதியில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர், "மந்திரியோட மருமகனுக்குக் கார் வாங்கிக் குடுக்கற திட்டம்" என்றார். கல்யாணப் பொன்விழாக் கொண்டாடிய வெள்ளைக்காரப் பண்ணையார் ஒருவர், "என் பையன் ஆஸ்திரேலியாவுக்குப் போனதுக்குக் காரணம்" என்றாராம். இது நான் நேரில் கேட்டதல்ல, வெலாபி சொன்னது. "அங்க கூடாரம் போட ஆள் வேணுமான்னு கேட்டுச் சொல்லுங்க, நானும் போறேன்" என்று சொல்லிவிட்டு இவர் முளையை அடித்தாராம். எங்கள் தெருவில் பாக்கியம் மூட்லி, பேத்தியின் கல்யாணத்துக்கு முளை பிடித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"அது உங்க ஆளுங்களுக்கு, வெலாபி. எங்களுக்கு அதுல ஒண்ணும் கெடையாது."

"ஆன்ட்டி, சட்டப்படி நீங்களும் கறுப்புதான். இந்தியர்களையும் சேத்துத்தான் எழுதியிருக்கு."

"நானா? அப்ப நாப்பது வருஷமா பயத்தமாவு தேச்சதெல்லாம் வீணா?"

வெலாபி சிரித்த சிரிப்பில் சம்மட்டியைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று. குட்டையான, அகலமான மனிதர். சிரிப்பு தோளில் தொடங்கி வயிறு வரை இறங்கும். கழுத்தில் ஒரு விசில் தொங்கும். கயிற்றை இழுக்க ஒரு ஊதல், நிறுத்த இரண்டு. வீட்டில் எந்தச் சட்டியில் என்ன வேகிறது என்பதைக் கூலி பேசும் முன்பே திறந்து பார்த்துவிடுவார். மாட்டுக்குடலும் அவித்த ரொட்டியும் என்றால் வேலை சீக்கிரம் முடியும். எங்கள் வீட்டுப் பிரியாணி என்றால் முடியவே முடியாது.

அவரிடம் இருப்பவை மூன்று கூடாரங்கள். மூன்றிலும் துணியைவிட ஒட்டு அதிகம். மனைவி நொமுசா தைத்துப் போட்டவை. நீலத்தில் ஒரு சிவப்பு, வெள்ளையில் தேவாலயத்துப் பழைய திரை. உள்ளே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால் வெயில் பல நிறங்களில் விழும். கல்யாணப் படங்களில் பெண்ணின் முகம் ஒரு பக்கம் ஊதாவாக இருந்தால், அது வெலாபி போட்ட கூடாரம் என்று ஊரில் தெரியும்.

இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. பி.இ.இ. என்பது ஓர் அலுவலகம் என்றுதான் வெலாபி முதலில் நினைத்திருந்தார். பென்ஷன் ஆபீசைப் போல ஒரு கட்டடம், ஒரு ஜன்னல், ஒரு வரிசை. ஒரு குளிர்காலம் முழுக்க அந்தக் கட்டடத்தைத் தேடினார். தபால் நிலையத்தில் கேட்டார். தொழிலாளர் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து நகராட்சிக்கு அனுப்பினார்கள். நகராட்சியில் நீண்ட வரிசை ஒன்றைப் பார்த்து மகிழ்ந்துபோய் மத்தியானம் வரை நின்றார். ஜன்னலுக்கு வந்த பிறகுதான் அது தண்ணீர்க் கட்டணப் புகார் வரிசை என்று தெரிந்தது. வருத்தமே இல்லை. "அந்த வரிசைல எனக்கு ரெண்டு கல்யாணம் கெடச்சுது அங்கிள்" என்று சொன்னார்.

அவரைப் போன்ற சிறு தொழில்காரர்களுக்கு ஒரு சத்தியப் பத்திரம் போதும், அதைப் போலீஸ் நிலையத்திலேயே காசில்லாமல் முத்திரையிட்டுத் தருவார்கள் என்று கடைசியில் யாரோ சொன்னார்கள். கோட்டும் டையுமாகப் போனார். மேசைக்குப் பின்னால் இளம் பெண் காவலர்.

"இந்தத் தொழில் உங்களோடதுதானே? சத்தியமா?"

"சத்தியமா."

"கையெழுத்துப் போடுங்க. ஆச்சு பாபா, போகலாம்."

"ஆச்சா? இதுக்கா கோட்டு போட்டுட்டு வந்தேன்? கொஞ்சம் பலமாவாவது குத்தும்மா, வீட்டுல நொமுசாவுக்குக் கேக்கணும்."

அந்தப் பெண் முத்திரையை மறுபடி ஓங்கிக் குத்தினார். பக்கத்தில் காணாமல் போன ஆட்டைப் பற்றிப் புகார் கொடுக்க வந்தவரைக் கைதட்ட வைத்துவிட்டுத்தான் வெலாபி வெளியே வந்தார்.

போன செப்டம்பரில் அந்தப் பத்திரத்தோடு சர்க்கரை ஆலைக்குப் போனார். ஆலையின் ஆண்டுவிழாவுக்கு வழக்கமாகக் கூடாரம் போடுபவர் நகரத்தின் பெரிய கூடாரக்காரரான வெள்ளைக்காரர், மீசை டிரெவர். ஆலைக்கு அந்த ஆண்டு மதிப்பெண் வேண்டியிருந்தது. கறுப்பினத்தார் நடத்தும் தொழிலுக்கு வேலையைக் கொடுக்க விரும்பினார்கள். "புல்தரை முழுக்க மூடற மாதிரி ஒரே கூடாரம் வேணும். இருக்கா? வெள்ளிக்கிழமைக்குள்ள உறுதி சொல்லணும்" என்றார் ஆலையின் கொள்முதல் அதிகாரி. "இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தார் வெலாபி. இல்லை. அப்படிப்பட்ட கூடாரம் ஊரில் ஒன்றே ஒன்றுதான், அது டிரெவருடையது.

திங்கட்கிழமை டிரெவரே வெலாபியின் வாசலுக்கு வந்து நின்றார்.

"என் கம்பெனில நீதான் பெரிய பங்காளின்னு எழுதிடலாம், வெலாபி. ஆலை வேலை என் கைவிட்டுப் போகாது. நீ வேலைக்கு வரவேண்டாம், வீட்டுல நிம்மதியா இரு. மாசாமாசம் ஒரு கவர் வரும்."

"மாப்பிள்ளை மட்டும் வீட்டுலயே இருக்கணும், அவன் சட்டை கல்யாணத்துக்குப் போகுமா?"

"நல்லா யோசி."

"யோசிச்சாச்சு. வேலை என்னோடது, கூடாரம் உன்னோடது. எனக்கு வாடகைக்கு விடு. ஊருக்கெல்லாம் விடறியே, அதே மாதிரி."

டிரெவரின் முகம் சிவந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "பைத்தியமா நீ? பி.இ.இ.ன்னாலே அதுதான்யா! பேரக் குடுத்துட்டு வீட்டுல உக்காந்து திங்கறது. வீடு தேடி வந்ததப் போய் வெரட்டிட்டியே!" தெரு முழுக்க அன்று அதே பேச்சு.

புதன்கிழமை எங்கள் கோயிலில் பந்தல் போட வெலாபி வந்தார். கோயில் சார்பில் முளையைப் பிடித்தவன் நான். சம்மட்டி மேலே போனது. கேள்வி வரவில்லை. அடித்துவிட்டு அடுத்த முளைக்குப் போய்விட்டார். அன்று கோயிலில் வெந்த காய்கறிப் பிரியாணிச் சட்டியையும் அவர் திறந்து பார்க்கவில்லை.

வியாழன் சாயங்காலம் டிரெவர் போன் செய்தார். கூடாரம் மடித்தபடியே கிடந்தால் அதை எலிதான் தின்னும் என்று அவர் மனைவி சொல்லியிருக்கிறார்.

"வாடகைக்குத் தரேன். ஆனா என்னோட அலுமினியச் சட்டத்த உன் ஆளுங்க வளைச்சுடுவாங்க. நானும் கூட வருவேன்."

"தாராளமா வா. ஏழு மணிக்கு வந்துடணும். லேட்டா வந்தா என் சைட்டுல சோறு கெடையாது."

அந்தத் தொலைபேசிப் பேச்சை நொமுசா டிரெவரின் குரலிலும் வெலாபியின் குரலிலும் மாறி மாறி எனக்கு நடித்துக் காட்டியிருக்கிறார். மறுநாள் காலையிலேயே ஆலைக்கு உறுதி சொல்லியாயிற்று.

விழா நாளில் நானும் போனேன். நாற்காலி போதாமல் கோயில் நாற்காலிகளை வெலாபி கடன் வாங்கியிருந்தார். அவை திரும்பி வருவது என் பொறுப்பு. டிரெவர் ஏழு மணிக்கு முன்பே வந்து தன் அலுமினியச் சட்டங்களைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் முளைக்கு ஆலை மேலாளரைத் தேடினார்கள். அவருக்கு முதுகுவலி.

"கூடாரத்துக்குச் சொந்தக்காரன் இருக்கானே" என்றார் வெலாபி. "டிரெவர், வா. மண்டி போடு."

வேலையாட்கள் கயிற்றை விட்டுவிட்டுப் பார்க்க வந்தார்கள். டிரெவர் ஒரு முழங்காலை ஊன்றி, பிறகு மற்றதையும் ஊன்றி, முளையைப் பிடித்தார். சம்மட்டி மேலே போய் நின்றது.

"இப்ப சொல்லு. பி.இ.இ.ன்னா என்ன?"

டிரெவர் மீசையை ஒரு பக்கம் கடித்தார். "போன வாரம் வரைக்கும் தெரியும்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார். "இப்ப முழங்கால் வலிக்குது, அது மட்டும்தான் தெரியுது. சீக்கிரம் அடி."

சிரிப்பு அடங்கச் சிறிது நேரமாயிற்று. வெலாபியின் வயிறு குலுங்கி நின்றது. ஆனால் அவர் அடிக்கவில்லை. சம்மட்டியை மெல்ல இறக்கி, கைப்பிடியை டிரெவர் பக்கம் திருப்பிக் கொடுத்தார். விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, தன் அகல உடம்பை மடக்கிப் புல்லில் மண்டியிட்டார். முளையை இரண்டு கைகளாலும் பிடித்து நேராக்கினார். அண்ணாந்து பார்த்தார்.

"ம். இப்ப நீ கேளு."