சாக்குக் கட்டில் போன ரஷ்யக்காரர்

அன்று தீவில், ஹேடோ துறைமுகக் கிடங்கில் இருந்தது நாலே பேர். நான், என்னோடு வேலை பார்த்த சிவகங்கை அண்ணன், பலசரக்குக் கடை பாய், என்னை விசாரிக்க வந்த போலீஸ்காரர். ரஷ்யக்காரரையும் சேர்த்தால் ஐந்து. அவர் என் பனியனுக்குள் புத்தகமாக இருந்தார்.

புத்தகம் பாயுடையது. எட்டாவதோடு நின்ற நான் எழுத்துக்கூட்டிப் பாதிவரை வந்திருந்தேன். அதை எழுதியவர் பனிக்காட்டு முகாமில் கைதியாகக் கிடந்தவர். காகிதம் வைத்துக்கொள்ள விடாததால் வரிகளை மனசுக்குள் அடுக்கி மனப்பாடம் செய்துகொண்டாராம். வெளியே வந்து அதையெல்லாம் எழுதியதற்கு, அவருடைய சர்க்காரே விமானத்தில் ஏற்றி நாட்டைவிட்டு அனுப்பிவிட்டது. இந்தக் கடைசிச் சேதி, பாய் பருப்பு மடித்துக் கொடுத்த பழைய பேப்பரில் இருந்தது.

"வெளிய அனுப்புறதா தண்டனை? நான் மூணு வருஷமா மெட்ராஸ் டிக்கெட்டுக்கு நிக்கிறேன் பாய்."

"நீயும் எதையாச்சும் எழுதிப் பாரேன்."

அப்போது சிரித்தேன். பிறகு பயம் பிடித்தது. ஆறு வருஷமாகத் தினக்கூலி. பர்மனென்ட் ஆக வேண்டுமென்றால் போலீஸ்காரர் நல்லபடி எழுத வேண்டும். ரஷ்யா நம் தேசத்துக்குச் சிநேகிதம். அந்த சர்க்காரை எதிர்த்தவரின் புத்தகம் என்னிடம் இருந்தால்? வீட்டில் வைக்கவும் பயந்து பனியனுக்குள் சுமந்தேன்.

அரிசி வந்த சாக்குகளைக் காலியானதும் கட்டாகக் கட்டி மெட்ராஸுக்கே திருப்பி அனுப்புவோம். வாசலில் காக்கி தெரிந்ததும், கட்டிக்கொண்டிருந்த கட்டின் நடுவில் புத்தகத்தைச் செருகிக் கயிற்றை இறுக்கினேன்.

போலீஸ்காரர் ஊர் பெயரைக் கேட்டார். நான் அப்பா பெயரைச் சொன்னேன். இவன் ஏன் நடுங்குகிறான் என்று பாயிடம் இந்தியில் கேட்டார்.

"ஷாதி கே தின் பீ ஐசா ஹீ தா, சாப்" என்றார் பாய். என் கல்யாணத்தன்றும் இப்படித்தான் நின்றேனாம்.

அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். திரும்பிப் பார்த்தால், அதற்குள் அண்ணன் வெளியே தள்ளியிருந்த கட்டுகளைக் கிரேன் கப்பலில் இறக்கிக்கொண்டிருந்தது. நாற்பது கட்டும் ஒரே மாதிரி.

விஷயத்தைச் சொன்னதும் அண்ணன், "அப்ப அவரு மெட்ராஸ் போறாரு. நீ இங்கயே கெட" என்றார்.

பாய் தலையில் கைவைத்துக்கொண்டார். "அந்தப் போலீசுக்குத் தமிழ் படிக்கவே வராதேடா."

அது எனக்குத் தோன்றவே இல்லை.

வேலை பர்மனென்ட் ஆனது. அதன்பிறகு டிக்கெட் கிடைத்தால் லீவு கிடைக்காது, லீவு கிடைத்தால் கப்பல் இருக்காது. சாக்குக் கட்டும்போது, படித்த பாதியை மனசுக்குள் சொல்லிப் பார்ப்பேன். கைதிகள் குளிரில் வரிசையில் நிற்கிற இடத்தோடு அது நின்றுவிடும். அதற்குமேல் எனக்குத் தெரியாது. அவர்கள் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள்.

தொலைத்த புத்தகத்தின் விலை ஏழு ரூபாய். முதலில் இரண்டு கொடுத்தேன். மீதியை எடுத்துப்போனபோது பாய் வாங்கவில்லை. "மெயின்லேண்ட் போயி முழுசாப் படிச்சுட்டு வந்து குடு" என்றார்.

ஐந்து ரூபாய் இன்னும் பாக்கி.